பதினேழாவது கருவி

சண்முகவேல் குடும்பத்தின் மேல் போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்க்கூட்டத்திலோ யாரும் ஒரு புகார் கொடுத்ததில்லை. புதுச்சத்திரம் வட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரர்களில் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடியவர்கள் மிகச் சிலரே. தாம் அவர்களில் ஒருவர் என்பதை அவர் எந்தச் சபையில் உட்கார்ந்தாலும் மறக்க மாட்டார். அந்தக் குடும்பத்தின் மேல் முதல் புகாரை எழுதியது அவருடைய சொந்தத் தம்பி மகன் ஈஸ்வர்.

ஈஸ்வருக்குச் சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே பார்ப்பான். எங்கெங்கோ இருக்கிற சர்வர்களுக்குள் நுழைய யார் யாரோ தப்பான பாஸ்வேர்டுகளைப் போட்டு ஓயாமல் முட்டிக்கொண்டே இருப்பார்கள். முட்டுகிறவன் யாரென்று தெரியாவிட்டாலும் எந்த இணைப்பிலிருந்து முட்டுகிறான் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் உண்டு, அதை ஐ.பி. முகவரி என்பார்கள். அந்த எண்களைப் பிடித்து, சரிபார்த்து, இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் புகார் எழுதி, எல்லோரும் பார்க்கும் ஒரு பட்டியலில் சேர்ப்பதுதான் அவன் வேலை. பட்டியலில் ஏறிய எண்ணைப் பாதி வலைத்தளங்கள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்த எண்களில் ஒன்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண். அவர்கள் வீட்டு இணைப்பு. முந்தின நாள் மட்டும் நாலாயிரம் தடவை முட்டியிருந்தது. அதையும் மற்ற எண்களோடு சேர்த்து எழுதி அனுப்பிவிட்டு, நேராகப் பெரியப்பாவிடம் வந்து சொன்னான்.

நம் வீட்டை நீயே எழுதிக் கொடுத்தாயா என்று சண்முகவேல் கேட்டார். குரல் உயரவில்லை. உயராதபோதுதான் அவரைக் கண்டு வீட்டில் பயப்படுவார்கள்.

"ஊரான் ஊட்டு நம்பரைத் தெனமும் எழுதறனுங்க பெரியப்பா. நம்முளுதை மட்டும் எப்படீங்க உடறது?"

 இருபத்தைந்து வயதில் தாமும் இப்படித்தான் பேசியிருப்போம் என்று சண்முகவேலுக்குத் தோன்றியது. கோபத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இணைப்பு அவர் பெயரில் எடுத்தது. அவர் வீட்டுக்கும், அடுத்த காம்பவுண்டில் இருக்கும் தம்பி கருப்பண்ணன் வீட்டுக்கும், தீவன குடோனுக்கும் அதிலிருந்தே ஒயர் போகிறது. அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருசமாகிறது. கிணற்றுக்காட்டுக்குப் போகும் வண்டித்தடம் யாருக்கு என்பதில் ஆரம்பித்தது. குலதெய்வம் கோயிலில் நூறு பேர் முன்னால், இனி அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சண்முகவேல் சொன்னார். நிலம், பண்ணை, ஆடு, மாடு எல்லாம் பிரிந்தன. ஒயர் மட்டும் பிரியவில்லை. பிரிக்க யாராவது ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டுமே. பிள்ளைகள் மட்டும் எப்போதும்போல இரண்டு வீட்டுக்கும் போய் வந்தார்கள்.

அன்று மத்தியானம் இன்டர்நெட் லைன்காரர் தங்கமுத்துவும் ஈஸ்வரும் இரண்டு வீட்டையும் சல்லடை போட்டார்கள். இது மனிதன் செய்வதல்ல என்று ஈஸ்வர் விளக்கினான். வீட்டில் ஏதோ ஒரு கருவிக்குள் வெளியிலிருந்து எவனோ புகுந்து, அதை வைத்து ஊரார் கதவைத் தட்டுகிறான். டப்பாவில் அச்சடித்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருக்கும் மலிவான சாமான்தான் இதற்கு வசதி. அணைத்தால் நோய் போய்விடும், ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் மறுபடி போட்டால் அரை மணியில் திரும்ப வந்துவிடும். கருவி கிடைத்ததும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எங்கே என்ன இருந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுப்பார்கள்.

போன், டிவி, பண்ணைக்குள் வெப்பம் காட்டும் பெட்டி என்று எண்ணினால் பதினாறு வந்தது. தங்கமுத்துவின் கணக்கில் பதினேழு காட்டியது. பதினேழாவதற்குப் பெயரில்லை, எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிதான்.

"உங்க பக்கம் வேற ஏதாச்சும் இருக்குங்களா பெரியப்பா?"

"இல்லை," என்றார் சண்முகவேல்.

அவர் சொன்னால் அதற்கு மேல் கேட்பதில்லை. தங்கமுத்து ஏணியை மடக்கினார்.

பதினேழாவது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. உள்ளங்கை அகலக் கேமரா.

போன ஐப்பசியில் கருப்பண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. ராசிபுரத்திலிருந்தும் நாமகிரிப்பேட்டையிலிருந்தும் சொந்தமெல்லாம் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனது. சண்முகவேல் போகவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். தம்பி வீடு திரும்பியதும் டாக்டர் காலையில் நடக்கச் சொல்லியிருப்பதாக அவர் மனைவி நல்லம்மாள் வந்து சொன்னாள். மறுவாரம் அவர் தனியாக நாமக்கல் போய் அந்தக் கேமராவை வாங்கி வந்தார். கடைக்காரன் போனில் பார்க்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தான். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னான். அதற்கு ஈஸ்வரைத்தான் கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்பான். டப்பாவில் இருந்ததையே விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து காலை ஆறரைக்குத் தொட்டியைப் பார்ப்பதாக மேலே போய், தம்பி கண்ணில் படாதபடி அதன் பின்னால் உட்கார்ந்து போனில் பார்ப்பார். கீழே தம்பி வேப்பமரத்தைச் சுற்றிப் பதினொரு சுற்று நடந்து முடித்த பிறகு இறங்கி வந்து காபி குடிப்பார். ஒரு நாள் எட்டாவது சுற்றில் கருப்பண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மேலே இவர் மாடிப்படி வரை ஓடிப்போய் நின்றார். முகத்தில் முழிக்க மாட்டேன் என்றவர், இந்த எட்டு மாதமாக விடிந்ததும் முதலில் பார்த்தது அந்த முகத்தைத்தான். இது ஊருக்குத் தெரிந்தால் அவர் எந்தச் சபையில் உட்காருவது?

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கேமராவின் ஒயரைப் பிடுங்கினார். ஓசையில்லாமல் ஒரு வினை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் ஈஸ்வர் சேலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். அவன் வீட்டு எண்ணே புகாரில் இருந்ததால், லேப்டாப்பைச் சோதிக்கக் கொண்டு வந்து ஒப்படைக்கும்படி கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள்.

புதன்கிழமை அவன் வெறுங்கையோடு வந்து பெரியப்பா முன்னால் நின்றான். லேப்டாப் வீட்டை விட்டுக் கிளம்பிய கையோடு முட்டலும் நின்றுவிட்டதாம். அப்படியென்றால் உன் லேப்டாப்பில்தான் இருந்தது, நீயே ஆட்டம் போட்டு நீயே நல்லவன்போலப் புகாரும் எழுதியிருக்கிறாய் என்கிறார்களாம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. வேலை போவது மட்டுமில்லை, இந்தத் தொழிலில் இனி யாரும் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

"அப்பாகிட்டச் சொன்னனுங்க, பெரியப்பா பக்கம் ஒருக்கா மேல ஏறிப் பாக்கலாமான்னு. எங்கண்ணன் இல்லைன்னா இல்லைதான், அந்த வாயில பொய் வராது, தப்பு உங்கிட்டத்தான் இருக்கோணும்னு என்னையத்தான் திட்டறாருங்க."

சண்முகவேல் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்து மடித்தார். போய்ச் சாப்பிடு சாமி என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவும் மறுநாள் முழுக்கவும் அவர் வழி தேடினார். உண்மையைச் சொன்னால் கோயிலில் சொன்ன சொல் போகும், திங்கட்கிழமை சொன்ன சொல்லும் போகும். சொல்லாவிட்டால் பையன் போவான். தொட்டிக்குப் போகாமல் இருந்ததால் தம்பி நடந்தானா என்பதுகூடத் தெரியவில்லை. பிறகுதான் ஈஸ்வர் சொன்ன அரை மணி ஞாபகம் வந்தது. அவன் சேலத்தில் கம்பெனிக்காரர்கள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கையில் இங்கே முட்டல் மறுபடி ஆரம்பித்தால், அவன் மேல் குற்றம் இல்லை என்று தானாகவே தெரிந்துவிடும். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு அவர் மாடிப்படி ஏறினார்.

"போனைத் தூக்கிட்டுப் போயி தண்ணித்தொட்டியப் பாக்கறவரை இந்த ஊட்டுலதான் பாக்கறேன்," என்றாள் நல்லம்மாள், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒயரைச் செருகினார். போனில் வேப்பமரம் தெரிந்தது. அதனடியில் கருப்பண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான், மகனிடமிருந்து சேதி வரும் என்று. வெயில் ஏற ஏற, ஊரார் கதவை உடைக்கும் அந்தச் சாமானுக்குப் பக்கத்தில், சண்முகவேலும் தொட்டி நிழலில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார்.

பதினொன்றரைக்கு ஈஸ்வர் கூப்பிட்டான். மறுபடி ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் திரையில் பார்த்தார்கள், தன்மேல் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டார்கள் என்றான். சண்முகவேலுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை.

"உங்க பக்கம் எதுவுமில்லைன்னு நீங்களே சொல்லீட்டீங்க. அப்ப எங்க ஊட்டுலதானுங்க இருக்கோணும். அப்பாதான் யாரையோ உள்ள உட்டு எதையோ மாட்டி வெச்சிருக்காருன்னு மேனேஜர் சொல்றாரு. தங்கமுத்து அண்ணன் வந்து எங்க ஊட்டு ஒயரைக் கழட்டீருவாரு, புகார்லயும் அப்பா பேரைப் போடோணுமாமுங்க."

காதிலிருந்து எடுத்த போனின் திரையிலேயே தங்கமுத்துவின் வண்டி கேட்டுக்குள் நுழைவது தெரிந்தது. கருப்பண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தான். எதற்கு வந்திருக்கிறார் என்று புரியாமல் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான்.

சண்முகவேல் கேமராவைக் கம்பியோடு பிடுங்கினார். படியிறங்கி, நல்லம்மாளைக் கடந்து, இரண்டு வருசமாகத் தாம் திறக்காத நடுக் கேட்டின் கொண்டியைத் தூக்கித் தம்பி வாசலுக்குள் போனார். போன் காதோரமே இருந்தது.

"தங்கமுத்து, ஒயர்ல கை வைக்காதே. இது என்னுது."

கேமராவை நாற்காலியில் வைத்தார். தங்கமுத்து அதைப் பார்த்தார், பிறகு மாடித் தொட்டியை அண்ணாந்து பார்த்தார், பிறகு வண்டியில் ஏதோ மறந்துவிட்டவர்போல வெளியே போனார். கருப்பண்ணனும் அண்ணாந்து பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பது அவனுக்கு விளங்க அதிக நேரமாகவில்லை.

"எத்தன நாளாங்க?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து."

கருப்பண்ணன் கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டையில்லாமல் நடந்ததை எல்லாம் பார்த்தீர்களா என்று கேட்பவன்போல உதடு ஒரு பக்கம் ஏறியது. ஏறியது அப்படியே இறங்கியும் விட்டது.

"பாத்தது கெடக்கட்டுமுங்க. எம் பையன் முன்னால நின்னு கேட்டானே. இல்லைன்னு சொன்னீங்களே அண்ணா. உங்க வாயை நம்பி நாலு நாளா அவனைத் திட்டீட்டு இருந்தனே."

 வண்டித்தடத்துக்குச் சண்முகவேலிடம் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குக்கூட ஒன்று இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

போனில் ஈஸ்வர் பெரியப்பா, பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.  பிறகு அவன், தினமும் ஊரார் எண்ணுக்குக் கேட்கும் அதே குரலில், இணைப்பு யார் பெயரில் என்று கேட்டான். சண்முகவேல் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். என்ன கருவி என்று கேட்டான். சொன்னார். எங்கே இருந்தது என்று கேட்டான். அதையும் சொன்னார்.

"மொதல்ல விசாரிச்சப்ப ஏன் சொல்லலைன்னு ஒரு கேள்வி இருக்குதுங்க," என்றான் ஈஸ்வர். "அதுக்கு என்னன்னு எழுதட்டுங்க?"

கருப்பண்ணன் உட்காருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றான். கேட்டுக்கு வெளியே தங்கமுத்துவும், நடுக் கேட்டில் நல்லம்மாளும் நின்றார்கள்.

"பொய் சொன்னேன்னு எழுது சாமி," என்றார் சண்முகவேல். "எம் பேரைப் போட்டே எழுது."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை அவர் அந்த வெயிலிலேயே நின்றிருந்தார்.