தலைவரின் ஈறும் வெள்ளிக் கோப்பையும்

மனிதனுக்கு ஈறு என்ற ஒன்றை இயற்கை படைத்ததே பச்சைத் தேநீரின் பெருமையைப் பறைசாற்றத்தான்.

ஷிசுவோகா மலைச்சரிவில் தேயிலைக் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருக்கும் சுகனுமா தோக்குஜி, தன் விழாப் பேச்சை இப்படித்தான் தொடங்குவதாக இருந்தார். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கையில், 'பறைசாற்ற' என்ற இடத்தில் கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடியது.

எண்பது வயதிலும் குறைந்தது இருபது சொந்தப் பல் வைத்திருப்பவர்களுக்கு நகரம் ஆண்டுதோறும் விழா எடுக்கும். அவர்களில் ஈறு யாருக்கு உறுதியோ அவருக்கு வெள்ளிக் கோப்பை. கோப்பையை வெல்பவரின் சிரிப்பு இந்த முறை சங்கத்தின் புதுத் தேயிலைப் பொட்டலத்தில் அச்சாகும். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் தோக்குஜிதான். அவருக்கு இருந்தது சரியாக இருபது, ஆடுவதையும் சேர்த்து.

"ஏங்க, அதை நாக்கால தள்ளிக்கிட்டே இருக்காதீங்க" என்றாள் மனைவி தத்சுவே.

"யாரு தள்ளுறா? நல்லா வேர் விட்ட பல்லுடி இது."

"ஆமா, புயல்ல சாஞ்ச நம்ம வேலி மாதிரி. புத்தாண்டன்னைக்கு அந்தக் கல்லு மாதிரி அரிசி வறுவலைக் கடிச்சுக் காட்டுறேன்னு வீம்பு பண்ணும்போதே சொன்னேன்."

நகர மண்டபத்தில் அவருக்குப் போட்டியாக மிஞ்சியவர் ஒரே ஒருவர், பழைய மீன்பிடிப் படகுக்காரர் கட்சுமாதா. கையில் டப்பாக் காபி.

"தலைவரே, நான் ஜெயிச்சா உங்க பொட்டலத்துல இந்த டப்பாவோடயே நிக்கட்டுமா?"

தேயிலைப் பொட்டலத்தில் காபி குடிக்கிற வாயா!

பல் மருத்துவர் ஒசாவா மெல்லிய கம்பியால் கட்சுமாதாவின் ஈறைத் தொட்டார். ரத்தம் எட்டிப் பார்த்தது. தோக்குஜியின் ஈறைச் சுற்றி வந்தார். ஒரு சொட்டுகூட இல்லை!

"அடேங்கப்பா, எண்பது வயசு ஈறா இது!" என்றார் ஒசாவா. "கீழே ஒண்ணு ஆடுது. பரவாயில்ல, கணக்குல சேரும்."

"எல்லாம் பச்சைத் தேநீர், டாக்டரம்மா!"

"ஈறு வீக்கத்துக்கு அது கொஞ்சம் நல்லதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ஆனா ஒழுங்கா பல்லு தேய்க்கிறதுக்கு அது மாத்து இல்ல..."

முதல் வாக்கியத்துக்கு மேல் தோக்குஜியின் காதில் எதுவும் ஏறவில்லை. மேடையில் ஏறிவிட்டார். கேமராக்கள் மின்னின. பேச்சு முழங்கியது. பறைசாற்றலுக்குக் கைதட்டல் கூரையைப் பிளந்தது. பக்கத்து மேசையில் வெள்ளிக் கோப்பை பளபளத்தது.

"குடிச்சுக் காட்டுங்க தலைவரே!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அந்த வருடத்து முதல் கொழுந்துத் தேநீர் கைக்கு வந்தது. உதட்டில் வைத்து 'சர்ர்'ரென்று உறிஞ்சினார். கன்னத்துக்குக் கன்னம் சுழற்றினார். ஆகா, என்ன கொழுந்து! இனி, ஐம்பது வருடமாகத் தேயிலை ஏலக்கூடத்தில் ருசி பார்த்து வந்த பழக்கம்தான் பாக்கி. துப்புவதற்கான படிக்கத்தைத் தேடிக் கை நீண்டது; அகப்பட்டதை இழுத்து உள்ளே துப்பினார்.

வெள்ளிக் கோப்பை 'டிங்' என்றது.

ஒசாவா வந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

தோக்குஜிக்கு இப்போது பத்தொன்பது பல்.