கண் முகாமில் தப்பியவள்

எனக்கு வாய் நீளம். சுனாமிக்கு அடுத்த கோடையில், கறுப்புக் கண்ணாடி வேண்டும், ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று உப்பளத்து மேஸ்திரி தட்சணாமூர்த்தியிடம் சண்டை போட்டவள் நான்தான். உச்சி வெயிலில் உப்பு வாரும்போது பாத்தி முழுக்க வெள்ளையாய் மினுங்கிக் கண்ணைக் குத்தும். பல வருஷம் அப்படி வாரியதில், எதிரே வருகிறவள் முகம் பக்கத்தில் வந்தால்தான் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"கண்ணாடிதானே, முதல்ல டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார் மேஸ்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புக் கொட்டகையில் கண் முகாம் வைத்தார்கள். "வாங்கடி, கண்ணாடி தரப் போறாங்க" என்று வீடு வீடாகப் போய் எல்லாரையும் இழுத்து வந்தவளும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

சுவரில் ஒரு அட்டை. அதில் மூன்று கால் வைத்த எழுத்து. கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது, எங்களோடு உப்பு வாரும் அமராவதி தப்பாகக் காட்டினாள். "இந்தப் பேரையும் மஸ்டர்ல அடிச்சிடு" என்று மேஸ்திரி கணக்கப்பிள்ளையிடம் முணுமுணுத்தார். வருகைப் பதிவேட்டில் பேரை அடித்தால் வேலை போச்சு என்று அர்த்தம். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகவே கேட்கும்.

அடுத்தவர்கள் கையை எந்தப் பக்கம் நீட்டினார்கள், டாக்டர் எதற்கு "சரி" என்றார் என்று பார்த்து மனப்பாடம் செய்தேன். மேல், வலது, வலது, கீழ், இடது. அட்டையின் கடைசி வரி எனக்கு வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது. என் முறை வந்ததும் அப்படியே காட்டினேன், பார்வை நன்று என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் லூர்துமேரி நின்றாள். பதினோரு வருஷம் என்னோடு ஒரே பாத்தியில் வாரியவள். புருஷனும் பிள்ளையும் இல்லாத எனக்கு அவள்தான் எல்லாம். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நீளமான வாய்!

திங்கட்கிழமை ஒன்பது பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். லூர்துமேரியும் அதில் ஒருத்தி. "கண்ணு தெரியாம வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் மேஸ்திரி.

அப்புறம் நான் தனியாக வாரினேன், தனியாகச் சோறு தின்றேன். பேச ஆளில்லாமல் நாள் நகரவே நகராது. சாயங்காலம் லூர்துமேரி வந்து, "உனக்காவது கண்ணு நல்லா இருக்குதே தையலு, மாதா காப்பாத்திட்டா" என்பாள். செத்துப்போகலாம் போலிருக்கும்.

ஒன்பது பேரும் லேபர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூட்டிப்போனார்கள். அங்கே மேஸ்திரி எழுந்து என்னைத்தான் காட்டினார். "இந்தம்மாவும் அதே பாத்தி, அதே பதினோரு வருஷம். கண்ணு கரெக்டா இருக்குது சார். உப்பாலதான் கெட்டுப்போச்சுன்னா இவங்களுக்கும் கெட்டிருக்கணுமே. மத்தவங்களுக்கெல்லாம் வயசுக் கோளாறு."

அதிகாரி தலையை ஆட்டினார். என் பொய்யை வைத்தே ஒன்பது பேர் சோற்றில் மண் விழப் போகிறது என்று புரிந்தது.

"சார், எனக்கும் தெரியாதுங்க" என்றேன். "முன்னாடி நின்னவங்க காட்டுனதைப் பாத்து நானும் காட்டிட்டேன். தப்பாக் காட்டுனவங்க பேரை அடிக்கச் சொல்லி மேஸ்திரி சொன்னது காதுல விழுந்துது. வேணும்னா திரும்ப டெஸ்ட் பண்ணுங்க."

ஆபீஸ் வாசலில் லூர்துமேரி கேட்டாள். "அது காதுல விழுந்தப்ப நான் எங்கடி இருந்தேன்?"

"எம் பின்னாடி."

அவள் என்னைத் தாண்டிப் போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் சோதித்தார்கள். பத்துப் பேருக்கும் ஒரே கோளாறு, உப்பு மினுக்கத்தால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது பேரையும் திரும்ப எடுக்க வேண்டும், கண்ணாடியும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. டாக்டரை ஏமாற்றினேன் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அது தனி விசாரணையாம், தேதி இன்னும் வரவில்லை.

வேலைக்கு நேர் வழியில் போகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் காலையில் வாசலிலேயே நின்றேன். "நீ இல்லன்னா நாங்க இல்லக்கா" என்றாள் அமராவதி. மற்றவர்களும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதில் எட்டுப் பேர். லூர்துமேரி கிழக்கே சுற்றிக்கொண்டு போகிறாளாம். அந்த வழியில் அரை மணி நேரம் கூடுதலாக நடக்க வேண்டும்.