டேப் நீண்டுபோச்சு

தையல்காரிக்கு அடுத்தவர் சொல்லும் அளவில் நம்பிக்கையே கிடையாது. பழைய ரவிக்கையைக் கொடுத்து "இதே அளவு" என்பவர்களைக்கூட நிற்கவைத்து மறுபடி அளந்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள். அப்படிப்பட்டவள் பிள்ளை சுமக்கும் தன் வயிற்றை மட்டும் நர்ஸிடம் ஒப்படைப்பாளா? ஐந்தாம் மாதத்தோடு செக்கப்புக்கு முழுக்குப் போட்டாள். திங்கட்கிழமைதோறும் தானே வயிற்றைச் சுற்றி அளந்து ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

ஏழாம் மாதத்தில் மூன்று வாரமாக ஒரே எண். நம் மகாராணி அசரவில்லை. துணி டேப் இழுபட்டு நீண்டுவிட்டால் அளவைக் குறைத்துத்தான் காட்டும், தொழில்காரிக்கு இது தெரியாதா? புது டேப் வாங்கினாள். அதுவும் அதே எண்ணைக் காட்டியது. டேப் விற்றவனைத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

கால் வீங்கியதற்கு மிஷின் மிதி காரணம். தலைவலிக்கு நாத்தனார் காரணம். அந்த நாத்தனார்தான் ஒருநாள் காலையில் மிஷின் பெல்ட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"செக்கப்புக்கு வந்தா பெல்ட் கிடைக்கும். இல்லேன்னா கையாலயே தைங்க அண்ணி."

வேறு வழியில்லாமல் போனாள். நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். மறுபடியும் இரண்டு தடவை பார்த்தாள்.

"பட்டை லூசா இருக்கும். இழுத்துச் சுத்துங்க" என்றாள் தையல்காரி.

"மூணு தடவை சுத்தியாச்சும்மா. பிரஷர் எகிறிக் கிடக்கு. யூரின்லயும் புரோட்டீன் போகுது. வயிறும் மாசத்துக்கு ஏத்த மாதிரி இல்லையே?"

"மூணு வாரமா வளரல. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சீங்களா! எங்ககிட்ட வந்து சொல்லத் தோணலையா?"

"டேப்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் தையல்காரி. டேப்பை மாற்றத் தெரிந்தவளுக்குப் பிள்ளையை நினைக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அன்றே படுக்கவைத்தார்கள். ஊசி, மாத்திரை, காலையும் மாலையும் பிரஷர். இரண்டு வாரம் கழித்து, இனி தாங்காது என்று ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். கைக்கடக்கம்தான், ஆனால் வார்டே அதிரக் கத்தியது. "இன்னும் ஒரு வாரம் வராம இருந்திருந்தா ரெண்டு பேருமே கஷ்டம்" என்றார் டாக்டர்.

நர்ஸ் குழந்தையின் தலையைச் சுற்றி டேப் வைத்து அளவைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீங்களும் ஒருதடவை அளந்து பாக்குறீங்களா?" என்று டேப்பை நீட்டினாள்.

தையல்காரி கையை நீட்டவில்லை. "வேணாம் சிஸ்டர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கோங்க."