பெயின்டர் வீட்டுப் பூசணம்

பெயின்டர் பட்டி பார்த்த சுவரில் விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் வேலையில் அவ்வளவு சுத்தம். ஓர் ஆணித் துளையை விடமாட்டார், ஒரு மயிரிழைக் கீறலை விடமாட்டார். அப்பேர்ப்பட்டவருடைய சொந்த வீட்டின் பின்னறையில் கறுப்புக் கறுப்பாய்ப் பூசணம் பூத்துக் கிடந்தது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

நான்கு வருஷமாக அதோடு மல்லுக்கட்டுகிறார். மழை ஓய்ந்ததும் அதன் மேலேயே ஒரு கோட் அடிப்பார். அறை பளிச்சென்று ஆகிவிடும். அடுத்த மழைக்குள் மூலையில் ஒரு புள்ளி தலைகாட்டும், பிறகு குடும்பத்தோடு வந்து குடியேறிவிடும். போன வருஷம் 'ஓதம் அண்டாது' என்று டப்பாவில் அச்சடித்த விலை கூடிய பெயின்டை வாங்கி இரண்டு கோட் அடித்தார். அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

"டப்பாவில என்ன போட்டிருக்குன்னு அந்தச் சுவர் படிக்கல போலிருக்கு," என்றாள் மனைவி.

இந்த முறை விளையாட்டுக் காரியம் இல்லை. மகள் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வருகிறாள். மாப்பிள்ளை வேலை விஷயமாக இரண்டு மாதம் வெளியூர். அதனால் பத்து நாள் பிறந்த வீட்டில் இருக்கலாமென்று நினைத்தாள். ஆனால் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. போன தடவை அந்த ரூம்ல ரெண்டு நாள் படுத்ததுக்கே எனக்கு இருமல் பிடிச்சுக்கிச்சு. பாப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்குது. அதே வாடை அடிச்சா வாசலோட திரும்பி நாத்தனார் வீட்டுக்குப் போயிடுவேன்."

"மூணு வாரம் இருக்கேம்மா! கண்ணாடி மாதிரி ஆக்கிடுறேன் பாரு," என்றார் பெயின்டர். பேத்தியை இதுவரை ஒரே ஒரு தடவைதான் கையில் வாங்கியிருக்கிறார். தன் வீட்டுச் சுவரால் அந்தக் குழந்தை வாசலோடு திரும்புவதா? நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

உடனே போய் ரோலரை எடுத்தார். மனைவி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை அது மேல பூசினீங்க, அவளுக்கு முன்னாடி நான் அந்த நாத்தனார் வீட்டுக்குப் போயிடுவேன்! தம்பியைக் கூப்பிடுறேன்."

தம்பி கொத்தனார். அந்த அறையைக் கட்டியதே அவன்தான். கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போயிருக்கிறது? "நீ கோணலாப் பூசினதையெல்லாம் நான்தான் நேராக்கிக்கிட்டிருக்கேன்," என்பார் இவர். "நான் கட்டலைன்னா நீங்க காத்துலதான் அத்தான் பெயின்ட் அடிக்கணும்," என்பான் அவன். அவனைப் போய்க் கூப்பிடுவதா என்று பெயின்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கேட்பார் யார்?

மச்சான் வந்தான். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தான், வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்தான், தண்ணீர்க் குழாய்களைத் தடவிப் பார்த்தான். எங்கேயும் ஒழுகவில்லை. உள்ளே வந்து பீரோவை நகர்த்தினான். அடேயப்பா! பின்னால் ஒரு காடே வளர்ந்திருந்தது. கறை வெளியே தெரியக்கூடாதென்று பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்த புத்திசாலி யார் என்று அவன் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அத்தான், மேல ஒண்ணு வச்சிருந்தேனே, எங்க?"

"எது?"

"காத்துப் போக ஓட்டை. ஒரு சாண் அகலத்துல, சிமென்ட் ஜாலி வச்சு."

பெயின்டர் திருதிருவென்று விழித்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்த அறைக்குப் பட்டி பார்த்தபோது அந்த ஜாலி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இழைத்து இழைத்துச் செய்த சுவரில் ஓர் ஓட்டையா? அடைத்தார், பட்டி பூசினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அடைத்த சுவடே தெரியவில்லை.

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு மச்சான். அடைச்சுட்டேன்."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"பக்கத்துல குளிக்கிற ஆவி, சமைக்கிற ஆவி, அக்கா உள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுற துணி ஈரம், இத்தனையும் எங்க போகும் அத்தான்? சுவத்துலதான் வந்து உக்காரும்."

"ஓ, என் துணியும் குத்தமா?" என்று சீறினாள் அக்கா.

"ஆமாக்கா, அதுவுந்தான்."

அன்றே வேலை ஆரம்பித்தது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பூசணம் தூளாகப் பறக்காதபடி சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் துடைத்தார்கள். துடைத்த துணிகளை அப்படியே கட்டிக் குப்பையில் போட்டார்கள். பிறகு உப்பிய பெயின்டையெல்லாம் பெயின்டர் சுரண்டினார். நான்கு வருஷத்து உழைப்பு பாளம் பாளமாகக் காலடியில் விழுந்தது. ஓட்டையைத் திறக்கலாமென்றால் அது இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. சுவரை நெடுகத் தட்டித் தட்டித்தான் கண்டுபிடித்து, உடைத்துத் திறந்தார். அந்த நிலைமையிலும் தன் வேலையின் சுத்தத்தைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. துணிக்கொடி வெளியே போயிற்று.

ஒரே வாரத்தில் வாடை ஓடிப்போயிற்று. பெயின்டர் ஆசையோடு டப்பாவைத் திறந்தார்.

"மூடுங்க அத்தான். உள்ள இருக்கிற ஈரம் முழுக்கக் காய இன்னும் ஒன்றரை மாசமாவது ஆகும். அதுக்கு முன்னாடி அடிச்சா பழைய கதைதான்."

மகள் வர இரண்டே வாரம். சுவரோ வெள்ளையும் சாம்பலும் திட்டுத் திட்டாக, பார்க்கவே சகிக்கவில்லை. வருகிறவன் போகிறவனெல்லாம் பெயின்டர் வீட்டைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா? தினமும் காலையில் ரோலரோடு உள்ளே போவார், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், சில்லென்று இருக்கும், திரும்பி வந்துவிடுவார். மகள் வரும் நாளன்று, ஜன்னலோரம் மட்டுமாவது ஒரு பூச்சுப் பூசிவிடலாமென்று பிரஷ்ஷை நனைத்தேவிட்டார். பிறகு, மூச்சு இழுக்கும் அந்தச் சின்ன நெஞ்சு நினைவுக்கு வந்தது. பிரஷ்ஷைக் கழுவி வைத்தார்.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு குழந்தையைத் தோளில் போட்டபடி நேரே பின்னறைக்குப் போனாள். பெயின்டர் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கடைசியில் அந்த மொட்டைச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, பெயின்ட் அடிக்கலையா?"

"இன்னும் காயலைம்மா. ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு உன் மாமா சொல்றான். ஆசைக்கு அடிச்சா மறுபடி பூசணம் வரும். பாப்பாவுக்கு ஆகாது."

ஆணித் துளையைக்கூட விடாத மனுஷன் சுவரையே விட்டுவைத்திருக்கிறார்! மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த பெட்டியை உள்ளே இழுத்துவந்தாள். பிறகு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"பத்து நாள் இல்லீங்க, சுவர் காய்ற வரைக்கும் இங்கதான். ஆமா, ஒரு மாசத்துக்கு மேல ஆகுமாம்."

பெயின்டர் பேத்தியின் பிஞ்சுக் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் அவசரமில்ல," என்றார் சுவரைப் பார்த்து. "நிதானமாவே காயட்டும்."