மெடிக்கல் நாள் மாத்திரை

மாரிசாமிக்குச் சர்க்கரை இருப்பது கம்பெனிக்கே தெரியும். பிரஷர் இருப்பதுதான் தெரியக் கூடாது. தெரிந்தால் பிரஸ் மெஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் தள்ளிவிடுவார்கள், ஓவர்டைமும் போச்சு. அதனால் வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப் வந்தால், மனைவி மாதேஸ்வரியின் பிரஷர் மாத்திரையை நாலைந்து நாள் விழுங்கிவிட்டுப் போவான். 'ஃபிட்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் அடுத்த வருஷம்தான் அந்த நினைப்பே வரும். கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் ஜூஜுவாடி லைன் வீடுகளில் இந்த வித்தை தெரியாத ஆம்பளை கிடையாது. கம்பெனியை ஏமாற்றிவிட்டதாகச் சிரித்துக்கொள்வார்கள், பாவிகள்.

தினமும் பிரஷர் மாத்திரை போடச் சொன்னால், "சர்க்கரதான் கண்ட்ரோல்ல இருக்குதே" என்பான். தலைசுற்றலும் இல்லை, வலியும் இல்லை. சத்தமே இல்லாமல்தான் கிட்னி கெட்டுக்கொண்டிருந்தது. காலும் முகமும் வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சர்க்கரையோடு பிரஷரும் சேர்ந்து பல வருஷமாக அரித்துவிட்டது, தினமும் மாத்திரை போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் டாக்டர். வருஷா வருஷம் அந்த நாலைந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தது மாதேஸ்வரியின் கைதானே.

வேலை போய்விட்டது. பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள் வேறு. டயாலிசிஸில்தான் உயிர் ஓடுகிறது. தன் கிட்னியில் ஒன்றைத் தந்தே தீருவேன் என்று மாதேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். ரத்த வகையும் பொருந்திவிட்டது. கல்லாவியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். பக்கத்திலேயே மாரிசாமி உட்கார்ந்திருந்தான்.

"நார்மலாத்தான் இருக்கு. பிரஷருக்கு, சர்க்கரைக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க சார். குண்டுக்கல்லாட்டம் இருக்கறன்."

அன்று காலையில் அவள் ரெண்டு பிரஷர் மாத்திரையைச் சேர்த்து வாயில் போட்டதை மாரிசாமி பார்த்திருந்தான். அவளோ அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கும் பிழைத்துக்கிடக்க ஆசைதான். ஆனாலும் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"பொய் சொல்றா சார். அவளுக்குப் பல வருசமா பிரஷர் இருக்குது. அவ மாத்திரையத் தின்னுட்டுத்தான் நானும் ஃபிட்டுனு திரிஞ்சன்."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்படின்னா உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. மிச்சமிருக்கிற ஒரு கிட்னியையும் நாளைக்கு இழந்துட்டு நிப்பீங்க."

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வாய மூடிக்கினு இருந்தா என்னா மாமா? உனக்கு வேற யாரு குடுப்பாங்க?"

"யாரும் குடுக்க வேணாம். நாளையிலேர்ந்து உம் மாத்திரைய நீ தெனமும் போடு. நாம ரெண்டு பேரும் படுத்துட்டா நம்ம பொண்ணுக்கு யாரு இருக்கறா? சரின்னு சொல்லு மாதேசு."

சரி என்றால் அவனைச் சாகவிட்டது போலாகும். இல்லை என்றால் மகள் அநாதை. வருகிறவர் போகிறவர் பார்க்க, மாதேஸ்வரி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.