நான்கு மணிக் கட்டம்

சிங்கப்பூரில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது. அந்த வெளிச்சம் இரண்டாம் மாடி சன்னலைத் தொடுவதற்குள் பரீதா எட்டுப் பேருக்கு பேம்பர்ஸ் மாற்றி முடித்திருந்தாள். ஒன்பதாவது கட்டிலில் வேலாயுதம். கட்டிலின் இடப்பக்கம் அவளும் வலப்பக்கம் ரக்ஷனாவும் நின்றார்கள். முட்டியை மடக்கி, ஒருத்தி தோளுக்கு அடியிலும் மற்றவள் இடுப்புக்கு அடியிலும் கை கொடுக்க வேண்டும். முதுகால் தூக்கினால் பத்து வருடத்தில் முதுகு போய்விடும் என்று பயிற்சியில் சொல்வார்கள். பரீதாவுக்குப் பதினாறு வருடம் ஆகிறது. முதுகு எப்போதோ போய்விட்டது, வேலை மட்டும் போகாமல் இருந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

புரட்டியபோது விரிப்பும் அவரோடு சேர்ந்து வந்தது. வால் எலும்புக்கு மேலே இருந்த தோல் விரிப்பில் ஒட்டிக்கொண்டு உரிந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, நடுவில் கறுப்பு. தரை கழுவும் மருந்தின் நெடியை மீறி ஒரு வாடை எழுந்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் அந்த வாடையை மறப்பதில்லை. ரக்ஷனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா அங்கிள்? பெல்ல அடிச்சிருக்கலாமே" என்றாள் பரீதா.

"பரவால்ல மிஸ்ஸி. நீங்க பிஸி லா. போய் மத்தவங்களப் பாருங்க" என்றார் வேலாயுதம். நர்சுகளையும் உதவியாளர்களையும் அவர் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கப்பல்களின் அடிவயிற்றுக்குச் சாயம் அடித்த மனிதர். வயது எழுபத்தொன்பது, நுரையீரலில் புற்றுநோய். பதினோரு நாளுக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் இங்கே வந்தார், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தனியார் பராமரிப்பு இல்லத்துக்கு. கூடவே வந்த கடிதம் இரண்டு விஷயம் சொன்னது. இனிமேல் சிகிச்சை இல்லை, கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

கடிதம் எழுதியவருக்கு இந்த மாடி தெரியாது. முப்பத்து நான்கு கட்டில். போன வருடம் பகலில் ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் விலகினார்கள், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மிச்சமிருந்த மூன்று பேர் குளிப்பாட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டி, மூக்குக் குழாயில் பால் ஊற்றி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரம் பிடித்தது.

ஆனால் தாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு சார்ட் தொங்கும். நாளுக்குப் பன்னிரண்டு கட்டம். திருப்பியவர் டிக் போட்டுத் தன் பெயரின் முதல் எழுத்துகளை எழுத வேண்டும். காலையில் வேலைக்கு வந்ததும் பகலுக்குரிய ஆறு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவது இங்கே வழக்கம். இரவு வேலைக்கு வருபவர்கள் மீதி ஆறையும் அப்படியே நிரப்புவார்கள். கட்டம் காலியாக இருந்தால் ஆபீசில் கூப்பிட்டுத் திட்டு விழும். டிக் இருந்தால் கேள்வியே கிடையாது. சார்ட்டில் வேலாயுதம் நாளுக்குப் பன்னிரண்டு முறை புரண்டார். கட்டிலில் மூன்று முறை புரண்டால் அதிகம்.

ரக்ஷனா புதுக்கோட்டையில் நர்சிங் படித்தவள். இங்கே உதவியாளராக வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த புதிதில், திருப்பிய பிறகுதான் எழுதுவேன் என்று நின்றாள். "பேனாவப் புடிச்சிகிட்டு நின்னா வேல எப்ப முடியும்? எல்லாத்தையும் போட்டுட்டு வா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தவள் பரீதா.

அன்று திங்கட்கிழமை காலையும், அந்தப் புண்ணைப் பார்த்த பிறகும், பரீதாவின் கை பழக்கத்தில் ஆறு டிக்கையும் போட்டுவிட்டு நகர்ந்தது.

பத்து மணிக்கு வைஷாலி வந்தாள். வேலாயுதத்துக்கு ஒரே மகள். இல்லத்தின் நர்ஸான தாதி புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது திரைக்கு வெளியே நிற்கச் சொல்லியும் கேட்காமல் உள்ளே வந்து பார்த்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். பிறகு நேராகக் கீழே ஆபீசுக்குப் போனாள்.

அரை மணி நேரத்தில் பரீதாவையும் ரக்ஷனாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். இல்லத்தின் உரிமையாளர் சரத் மேசைமேல் ஞாயிற்றுக்கிழமை சார்ட்டை விரித்து வைத்திருந்தார். வைஷாலி பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"நேத்து ரெண்டு மணி, நாலு மணி. ரெண்டுலயும் உன் இனிஷியல். அந்த நேரத்துல நீ எங்க இருந்த?" என்று சரத் ரக்ஷனாவைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில, சார். பூவம்மா பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்துச்சு. நீங்கதான் ஆம்புலன்ஸ்ல கூடப் போகச் சொன்னீங்க. திரும்பி வர்றப்ப ஏழு மணி."

"ஆஸ்பத்திரியில இருந்துகிட்டே இவரத் திருப்பினியா? கை அவ்வளோ நீளமா உனக்கு?"

ரக்ஷனா தரையைப் பார்த்தாள்.

"மேடம், இது பொய்க் கையெழுத்து. தப்பு பண்ணின ஆளக் கண்டுபிடிச்சிட்டோம்" என்று சரத் வைஷாலி பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை இவ ஒர்க் பர்மிட் கேன்சல், ஊருக்கு அனுப்பிடுறோம். காரணத்தையும் எழுதித்தான் அனுப்புவோம். நாளைக்கு நாலு மணிக்கு வாங்க, லெட்டர உங்ககிட்டயே காட்டுறேன்." ரக்ஷனாவைப் பார்த்தார். "நீ இனிமே வார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, புரியுதா?"

பரீதா வாயைத் திறக்கவில்லை. சொல்லிக் கொடுத்தது நான் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில், போன முதுகோடு, குவீன்ஸ்டவுனில் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கட்டுகிறவள் அவள். நியாயமான காரணம் என்று எதுவும் இல்லை. பயம்தான். வெட்கக்கேடான, சாதாரணமான பயம்.

சாப்பாட்டு நேரத்தில் மேல்மாடிக்கு ஏறினாள். வேலையாட்கள் தங்கும் அறையில் ரக்ஷனா பெட்டியை இழுத்து முன்னால் வைத்திருந்தாள். உள்ளே இன்னும் எதையும் அடுக்கவில்லை.

"சும்மா அனுப்பினாக்கூட பரவாயில்ல அக்கா. பொய்க் கையெழுத்துன்னு எழுதி அனுப்பினா ஊர்லயும் எவன் என்னைச் சேத்துக்குவான்?"

"நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"நீங்க சொன்னீங்க. போட்டது நான்தானே."

அவள் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது பரீதாவுக்கு. பிறகு ரக்ஷனா கேட்டாள்: "வேலாயுதம் தாத்தாவப் பன்னெண்டு மணிக்குத் திருப்பினாங்களா?"

"இல்ல."

அந்த ஒரு சொல் பரீதாவை எழுப்பி நிறுத்தியது. நேராகக் கீழே வந்து ஒன்பதாவது கட்டிலின் சார்ட்டை எடுத்தாள். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் அவளுடைய டிக் அழகாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 'திருப்பவில்லை, ஆள் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வரப்போகும் நேரங்களுக்குப் போட்டிருந்த டிக்குகளையும் அடித்தாள். பதினாறு வருடத்தில் அவள் அந்தத் தாளில் எழுதிய முதல் உண்மை அது.

மாலை ஏழு மணிக்கு வேலை மாற்றிக்கொள்ளும் நேரம். அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே பரீதா அந்தச் சார்ட்டை எல்லாருக்கும் காட்டினாள். லீவில் இருந்தவர்களையும் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

"நாளைக்கு காலைலேருந்து முன்கூட்டி யாரும் டிக் போடாதீங்க. திருப்பினா, திருப்பின நேரத்த எழுதுங்க. திருப்பலயா, காலியா விட்டுடுங்க. அவ்வளவுதான்."

"எல்லாரையும் அனுப்பிடுவாங்க அக்கா" என்றாள் இரவு வேலைக்கு வந்த சாதியா. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். இன்னைக்குப் பயந்துகிட்டு வாய மூடிகிட்டு நின்னேன். அந்தப் புள்ள தனியா மாட்டிகிச்சு. உன்னோட சார்ட்ட எடுத்துப் பார்த்தா நீ மாட்ட மாட்டியா?"

ஜோசலின் பிலிப்பைன்சிலிருந்து வந்தவள். அக்கா என்ற ஒரு சொல்லைத் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. சாதியா அவள் காதில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஜோசலின் யோசித்துவிட்டு, "எல்லாரையும் அனுப்பிவிட்டால் யார் திருப்புவார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒருத்தி சிரித்தாள், அது பயத்தைக் கொஞ்சம் இளக்கியது.

இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். திருப்பாமலேயே டிக் போட்டிருக்கிறோம், நாங்கள் எல்லாரும். ஆள் போதாது, அதையும் பலமுறை சொல்லியிருக்கிறோம். முதல் கையெழுத்து பரீதா. பத்தாவது ஜோசலின். சாதியா கடைசிவரை போடவில்லை. நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் மாடியில் இரண்டே பேர், பரீதாவும் ஜோசலினும். ரக்ஷனா மேலே அடைந்து கிடந்தாள். முடிந்த இடத்தில் திருப்பினார்கள், திருப்பிய நேரத்தை எழுதினார்கள். இரண்டு மணிக்குள் முப்பத்து நான்கு சார்ட்டிலும் காலிக் கட்டங்கள் பல்லைக் காட்டின. வேலாயுதத்தை எட்டரைக்குத் திருப்பியதோடு சரி. அவருக்கு மூச்சு இப்போது விட்டுவிட்டு வந்தது, கால் விரல்கள் குளிர்ந்திருந்தன. தாதி மார்ஃபின் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று பரீதாவிடம் மெல்லச் சொன்னாள்.

நான்கு மணிக்கு சரத் வைஷாலியை அழைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். கையில் ரக்ஷனாவை அனுப்பும் கடிதம் இருந்த உறை. கண் சார்ட்டில் பட்டதும் முகம் மாறியது.

"என்ன இது, காலியா இருக்கு?"

"திருப்பல சார். அதான் காலி."

"ஏன் திருப்பல?"

"ரெண்டு பேரு. முப்பத்து நாலு கட்டில்."

பரீதா கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுக்காமல் வைஷாலியிடம் கொடுத்தாள். வைஷாலி நின்றபடியே படித்தாள். காது வரைக்கும் சிவந்துபோனாள்.

"அப்ப எல்லாருமே பொய் சொல்லியிருக்கீங்க. இத்தன நாளும். எங்கப்பாகிட்டயும் என்கிட்டயும்."

"ஆமாம்மா" என்றாள் பரீதா. அதற்குமேல் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல இருந்ததெல்லாம் தாளிலேயே இருந்தது.

"மேடம், இவங்க அவளக் காப்பாத்த நாடகம் போடுறாங்க" என்று சரத் குரலை உயர்த்தினார். பரீதாவின் பக்கம் திரும்பினார். "ஏஜென்டுக்கு ஒரு போன் அடிச்சா நாளைக்கே பத்துப் பேரு வருவாங்க, தெரியும்ல?"

"வரட்டும் சார். பத்துப் பேரு வந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ எல்லாரையும் திருப்பிடலாம். அதைத்தானே கேக்கிறோம்."

வைஷாலி பக்கத்துக் கட்டிலின் சார்ட்டை எடுத்தாள். அதற்கு அடுத்ததையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் அதே காலி. ஐந்தாவது சார்ட்டோடு நின்றுவிட்டாள்.

"எங்கப்பா பெல்ல அடிக்கவே மாட்டாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "கேட்டா, 'மிஸ்ஸி பிஸி லா'ன்னுவாரு. நான் சும்மா சொல்றாருன்னு நெனச்சேன்."

கட்டிலில் வேலாயுதம் முனகினார். மணி நான்கு அடித்துச் சில நிமிடம் ஆகியிருந்தது. ஜோசலின் மறுகோடியில் ஒருவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள், பாதியில் விட முடியாது. பரீதா இடப்பக்கம் போய் முட்டியை மடக்கி நின்றாள்.

"சார், அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க."

சரத் ஒரு அடி பின்னால் போனார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார்.

அப்போது வாசலில் சாதியா நின்றாள். காலையில் வேலை முடித்துப் போனவள், இரவு ஏழு மணிக்குத்தான் வரவேண்டும். வீட்டு உடுப்பில், தூங்காத கண்களோடு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ரக்ஷனா; சாதியாதான் அவளை மேல்மாடியிலிருந்து கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்திருந்தாள்.

"நீ வார்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னேன்ல!" என்று சரத் கத்தினார்.

"வரட்டும்" என்றாள் வைஷாலி.

ரக்ஷனா கையைக் கழுவினாள், கையுறையை மாட்டினாள், வலப்பக்கம் வந்து நின்றாள். சாதியா தலையணையோடு காத்திருந்தாள்.

"தாத்தா, திருப்புறோம். ஒண்ணு, ரெண்டு, மூணு."

விரிப்பு மடியாமல், புண்ணில் உராயாமல், அவர் சன்னல் பக்கம் புரண்டார். சாதியா முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினாள். வேலாயுதத்தின் நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

பரீதா நான்கு மணிக் கட்டத்தில் 4.10 என்று எழுதித் தன் எழுத்தைப் போட்டாள். பேனாவை ரக்ஷனாவிடம் நீட்டினாள். ரக்ஷனா உறையைப் பார்த்தாள், அது இன்னும் சரத்தின் கையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள். பேனாவை வாங்கி அழுத்தி எழுதினாள். சாதியா வைஷாலியின் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, ஜோசலினின் பெயருக்குக் கீழே பதினோராவதாகத் தன் பெயரை எழுதினாள்.

வைஷாலி அந்தக் கடிதத்தையும் காலிக் கட்டங்களையும் தன் போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். சுகாதார அமைச்சுக்கு அனுப்பப்போவதாக சரத்திடமே சொன்னாள். சரத் படியிறங்கிப் போனார். கீழே அவர் யாரிடமோ போனில் ஆள் கேட்பது மாடி வரைக்கும் கேட்டது.

வைஷாலி நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு வலப்பக்கம் போட்டாள்.

"அடுத்து எத்தன மணிக்குக்கா?"

"ஆறு மணிக்கு."

"எப்படிப் புடிக்கணும்னு எனக்கும் காட்டுங்க" என்றாள். ரக்ஷனா அவள் பக்கத்தில் வந்து, முட்டியை எப்படி மடக்க வேண்டும் என்று காட்டத் தொடங்கினாள்.