நாலு பெண்களும் ஒரு தூம்பாவும்

...தோள் மாற்றினால் தேவலை, ஆனால் மாற்றுவதென்றால் நிற்க வேண்டும், நின்றால் இறக்கத் தோன்றும், இறக்கினால் மறுபடி தூக்க நாலு பேருக்கும் தெம்பு இருக்குமா, அரிசியைக் கண்ணில் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று, மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று காலெல்லாம் ஊதிக் கிடக்கிறது, வேண்டாம், நிற்கவே வேண்டாம், அந்தோணியாரே, எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்... ராயம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தோளில் தூம்பாவின் முன்கம்பு அழுத்தியது. பக்கத்துக் கம்பு காளியம்மாவின் தோளில், பின்னால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் மனைவி செல்லப்பாக்கியமும், கங்காணி வீட்டு மருமகள் டொரத்தியும். உள்ளே ஞானப்பூ. நேற்று பொழுது சாயும்போது காய்ச்சலில் கண்ணை மூடியவள், எலும்பும் தோலுமாய்ப் போனவள், இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது அவளுக்கு? இல்லை, கனம் அவளுடையதில்லை, பெட்டியுடையது. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் நல்ல மரமாய்ப் பார்த்து அறுத்துச் செய்த பெட்டி. இதை ஆண்கள் பேச்சும் சிரிப்புமாகத் தூக்கிக்கொண்டு போவார்களே, பெரிய பலசாலிகள்தான் போல.

கோயில் சவப்பெட்டி அது. ரெங்கம் ஊரிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்தில் மேட்டு லயத்து வேதக்காரர் யார் செத்தாலும் இந்தக் கறுப்புத் தூம்பாவில்தான் கல்லறைக்குப் போவார்கள், அங்கே உடலை எடுத்துக் குழியில் வைத்துவிட்டுப் பெட்டி திரும்பி வந்து கோயில் பின்கட்டில் அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பள்ளத்து லயத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதே ஞானஸ்நானம், அதே ஜெபமாலை, அதே அந்தோணியார், ஆனால் செத்தால் பாயில் சுருட்டிக் கல்லறை வேலிக்கு வெளியே சேற்றோரம். கப்பலேறி வரும்போது உடுத்தத் துணி இல்லாமல் வந்தார்கள், சாதியை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்களே, வெட்கமாக இல்லையா? ராயம்மாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவளும் மேட்டு லயம்தான். போன மாதம்வரை அவளுக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை, தோன்றாமல் எப்படி இருந்தோம் என்றுதான் இப்போது ஆத்திரம் வருகிறது.

பள்ளத்து லயத்து ஞானப்பூ கேட்டதோ கொஞ்சம்தான். கையைப் பிடித்துக்கொண்டு, அனல் பறக்கும் கை அது, "அக்கா, என்னயச் சேத்தோரம் போட்டுறாதீங்க, பன்னி வந்து கிளறும், வேலிக்குள்ள வைங்கக்கா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டாள் ராயம்மா. சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கிறது? அப்புறம் திரும்பிப் பார்த்தால், தூக்க யார் இருக்கிறார்கள்? ஜப்பான்காரன் லாரி, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வந்து நின்ற அன்றைக்கே ஆம்பிளைகள் போய்விட்டார்களே, சயாமில் ரயில் பாதை போடணுமாம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம், மூன்று மாதமாம்! கோயிலில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார், அவள் புருஷன் மரியநாதன், ஜெபப் புத்தகத்தை அவள் கையில் திணித்துவிட்டு ஏறினார். குளுவாங்கிலிருந்து பூசை வைக்க வரும் சாமியாரும் இப்போது வருவதில்லை. அடுத்த ஞாயிறு மணி அடிக்க ஆள் இல்லை என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது அவள் போய்க் கயிற்றைப் பிடித்தாள். அவ்வளவுதான். அப்புறம் ஜெபம் சொன்னாள், அப்புறம் கோயில் தாழ்வாரத்தில் ஒரே பானை வைத்து மேட்டு லயம், பள்ளத்து லயம், காளியம்மா மாதிரி மாரியம்மனைக் கும்பிடுகிற ஆட்கள் என்று எல்லாருக்கும் கிழங்குக் கஞ்சி ஊற்றினாள். முதல் நாள் தன் வீட்டுக் கிழங்கை மடியோடு கொண்டுவந்து கொட்டியவள் ஞானப்பூதான். கொட்டிவிட்டு வழக்கம்போல வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள், பைத்தியக்காரி.

பெரிய கங்காணி பெர்னார்ட் மாமா, மரியநாதனின் பெரியப்பா, அந்தப் பானையைப் பார்த்துக் காறித் துப்பினார். வயதாகிவிட்டதால் ஜப்பான்காரன் விட்டுவைத்த ஒரே மேட்டு லயத்து ஆண், கோயில் சாவியெல்லாம் அவர் இடுப்பில். தூம்பாவைக் கேட்டதற்கு, "கல்லறைக்குப் பொம்பளைங்க வர்ற வழக்கமே நம்மகிட்ட கெடையாது. அதுலயும் அந்த லயத்துப் பொணத்தை, இந்தப் பெட்டியில வச்சா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது போ" என்று கதவைச் சாத்தினார். நடந்துவிட்டது. சாவியைக் கொண்டுவந்து கொடுத்தது அவருடைய மருமகள் டொரத்தியேதான். விடிந்தும் விடியாமலும் அவர் பல் துலக்கப் போன நேரம் பார்த்து எடுத்து வந்துவிட்டாள், "அக்கா, மாமா என்னயக் கொன்னே போடுவாரு" என்றாள், சொல்லிவிட்டு அவளே பின்கம்புக்குத் தோளும் கொடுத்தாள். அவர் மகன் லியோனார்டின் மனைவி. லியோனார்டும் அதே லாரியில்தான் போனான். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சுரமா? பூனை மாதிரி இருந்தவள் ஆயிற்றே!

"கொஞ்சம் மெல்லமாப் போங்கோ, ராயம்மா, எனக்கு மூச்சு வாங்குது." செல்லப்பாக்கியம். கிராணி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பழகிய யாழ்ப்பாணத்து உடம்பு, பாவம், ஆனால் தூக்க வருகிறீர்களா என்று கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் பள்ளத்து லயத்துப் பெண்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள், ஜெபமாலை முணுமுணுப்பாகக் கேட்கிறது. மதகு வந்துவிட்டது. ராயம்மாவின் கால் தானாகவே தயங்கியது. இதுவரைதான் பெண்கள் வருவார்கள். இத்தனை வருஷமும், யார் செத்தாலும், இந்த மதகில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுதான். கல்லறைத் திருநாள் அன்றும் இங்கேயே நின்று மெழுகுவர்த்தியை ஆண்கள் கையில் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் உள்ளே போய் ஏற்றிவிட்டு வருவார்கள். மதகுக்கு அந்தப் பக்கம் பாதை எப்படி இருக்கும், மேடா பள்ளமா, ஒன்றும் தெரியாது. "என்ன ராயம்மா நின்னுட்ட? பேய் புடிக்கும்னு பயமா? நம்மளப் பாத்தா பேயே ஓடிரும் வா" என்றாள் காளியம்மா. சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு சிரிக்கலாமா? சிரித்தால் என்ன, ஞானப்பூவும் சிரித்திருப்பாள். தாண்டினார்கள்.

இதே வழியில்தான் மரியநாதன் ஆரோக்கியத்தைக் கொண்டுபோனார். நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது, மதகைத் தாண்டியதும் வந்துவிட்டது. அவர்களுடைய தலைச்சன் பிள்ளை. பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. குழந்தைக்கு எதற்குத் தூம்பா என்று வெள்ளை வேட்டியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார், பெர்னார்ட் மாமாவும் கூடப் போனார். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாய் வலித்தது அவளுக்கு, லயத்து வாசலில் உட்கார்ந்து மதகு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டே, "நல்ல எடம், மரத்தடியில, வேலியோரமா" என்றார். எந்த மரம்? கேட்டிருக்கலாமே. கேட்டால் அவர் அழுதுவிடுவாரோ என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், அது போதும் என்றிருந்தாள். வருஷா வருஷம் அவள் கொடுத்த மெழுகுவர்த்தி அந்த மரத்தடியில் எரிந்திருக்கும். இப்போது அவர் எந்தக் காட்டில்... வேண்டாம். தோள் எரிகிறது. தோளை மட்டும் நினை.

வேலி தெரிந்தது. வேலி வாசலில் பெர்னார்ட் மாமா. குறுக்கு வழியாக ஓடி வந்திருப்பார் போல, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். முணுமுணுப்பு நின்றுவிட்டது. பின்னால் டொரத்தி விம்முவது கேட்டது. "வேலிக்குள்ள வந்தீங்கன்னா என்னய மிதிச்சிட்டுத்தான் வரணும்!" என்றார். மிதித்தால் என்ன, மிதித்துவிட்டுத்தான் போவது என்று தோன்றியது ராயம்மாவுக்கு, அந்த நேரத்தில் நிஜமாகவே தோன்றியது, பயம் என்ற ஒன்று உடம்பில் எங்கேயும் இல்லை, எங்கே போயிற்று அது? "மாமா, ஞானப்பூவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க நவுந்தாலும் சரி, நவுராட்டியும் சரி, நாங்க எறக்க மாட்டோம். இப்படியே நிப்போம்" என்றாள். நிற்க முடியுமா? கிழவர் பெட்டியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார், அவர் முகம் என்னவோ மாதிரி ஆயிற்று.

"அடி பாவிங்களா! தலைய முன்னால வச்சா தூக்கிட்டு வர்றது? காலுதான்டி முன்னால வரணும்! சிலுவை போட்ட பக்கம் தல, அது பின்னால வரும், இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?"

யாருக்குத் தெரியும்? மதகைத் தாண்டி வந்தவர்களுக்கு அல்லவா தெரியும்! நாலு பேரும் எந்தப் பக்கம் கிடைத்ததோ அந்தப் பக்கம் தோளைக் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டார்கள். "தலைகீழாக் கொண்டுபோனா அந்த ஆத்துமா எப்படிடி மேல போவும்? திருப்புங்க! ஏ, அப்படி இல்ல, சாயுது, சாயுது..." என்று கத்திக்கொண்டே ஓடி வந்து முன்கம்பைப் பிடித்தார் பெர்னார்ட் மாமா. தோளில் வாங்கினார். ஒரு சுற்றுச் சுற்றி, காலை முன்னால் கொண்டுவந்து, சரியாக நிறுத்தியபிறகுதான் தான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்து லயத்துப் பெண்கள், மருமகள், எல்லாரும். கையை எடுத்துவிடுவார் என்று ராயம்மா நினைத்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் பெட்டி சாயும், அதனாலா, அல்லது வேறு எதனாலா, யார் கண்டது? "நடங்க" என்றார். வேலிக்குள் போனார்கள்.

உள்ளே போய் இறக்கிவைத்ததும் முதுகு நிமிரவில்லை. நிமிர்ந்தபோது ராயம்மாவின் கண் குழி வெட்டும் இடத்தைத் தேடவில்லை, வேலியோரத்தைத் தேடிற்று. ரம்புத்தான் மரம் ஒன்று. அதன் அடியில் சின்னச் சின்ன மேடுகள், பேரில்லை, சிலுவையில்லை, புல் மண்டிக் கிடந்தன. திரும்பினால் டொரத்தியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அவளுக்கும் ஒன்று போயிற்றே, ஆரோக்கியம் போன அடுத்த மழையில். இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம், ஒருத்திக்கொருத்தி இதைப் பேசியதே இல்லை. "மாமா, எம்புள்ள எது?" என்று ராயம்மா கேட்டாள். நேற்றுவரை கேட்டிருக்க மாட்டாள். கிழவர் கீழே கிடந்த ஒரு தடியை எடுத்து நீட்டினார். "இந்தா... இதுதான் ஆயி..." தடி நகர்ந்தது. "இல்ல, இது நம்ம லியோனார்டோடது... அப்ப மரம் சின்னதா இருந்துச்சு..." மறுபடி திரும்பியது தடி, பிறகு தாழ்ந்தது. "ரெண்டுல ஒண்ணு ஆயி. பொதைச்சிட்டுப் போயிருவோம். யாரு நெனப்பு வச்சிருந்தா."

யார் நினைப்பு வைத்திருந்தார்கள்? அவளுக்குக் கோபம் வரவேண்டும், வந்தது, இத்தனை வருஷம் மதகில் நின்று கொடுத்தேனே மெழுகுவர்த்தி, அதை எந்த மேட்டில் வைத்தீர்கள்? பத்திரமாக அவர்கள் கையில் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன்... மரியநாதனுக்காவது தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்தால் கேட்கலாம். வருவாரா? டொரத்தி பக்கத்தில் வந்து நின்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மண்வெட்டிப் பெண்கள் எங்கே வெட்டுவது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். "இங்க வெட்டுங்க, இந்தப் புள்ளைங்களுக்குப் பக்கத்துலயே" என்றாள் ராயம்மா. "ஞானப்பூ எங்க இருக்கான்னு எல்லாரும் பாத்துக்குங்க, மரத்துலேருந்து எவ்வளவு தூரம்னு, நல்லாப் பாத்து வச்சுக்குங்க." முதல் வெட்டு விழுந்தது. சிவப்பு மண். அவள் அந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, புல்லைப் பிடுங்கக் கையை நீட்டினாள், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.